டியூப்லைட்டில் ஓடும் செல், மேகமூட்டத்திலும் ஜெயிக்குமா?

ஜூன் 4 (கேள்வி)

கால்குலேட்டரில் இருக்கும் அந்தப் பழுப்பு நிறப் பட்டை டியூப்லைட் வெளிச்சத்திலேயே வேலை செய்கிறது. அதே அளவு நீல நிறப் பேனல் துண்டை மேசைமேல் வைத்தால் ஒன்றும் வருவதில்லை. மெல்லிய படல சோலார் செல்லுக்குக் குறைந்த வெளிச்சமே போதும் என்பது இதிலேயே தெரிகிறது. அப்படியென்றால், வருடத்தில் பாதி நாள் மேகம் மூடிக் கிடக்கும் இடங்களில் கூரைக்கும் அதையே போடலாமே? ஏன் யாரும் போடுவதில்லை?

ஜூன் 4, இரவு

கால்குலேட்டரில் நீங்கள் கவனித்தது சரி. அங்கிருந்து கூரைக்குத் தாவியதில்தான் எனக்குத் தயக்கம். விளக்கு வெளிச்சமும் மேக வெளிச்சமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். செல்லுக்கு அப்படி இல்லை.

முதலில் அளவு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நன்றாக மேகம் மூடிய பகல் பத்தாயிரம் பக்கம் வரும். படிக்கிற மேசையில் 300 முதல் 500. புத்தக அலமாரியின் ஓரத்தில் நூறோ இருநூறோதான். கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பதால், வெயிலுக்கும் மேசைக்கும் நடுவே இருநூறு முந்நூறு மடங்கு இறக்கம் இருப்பது நமக்கு உறைப்பதில்லை.

அடுத்தது நிறம். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எல்இடியும் டியூப்லைட்டும் தருவது கிட்டத்தட்ட முழுவதும் 400 முதல் 700 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப ஒளிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலை ஆற்றல் இடைவெளி, அதாவது பேண்ட் கேப் என்பார்கள். நீலப் பேனலில் இருக்கும் படிக சிலிக்கானுக்கு அது 1.12 எலக்ட்ரான் வோல்ட். 1100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை அது பிடிக்கும். விளக்கில் இல்லாத அகச்சிவப்புக்கும் சேர்த்து வலை விரித்து வைத்திருக்கிறது. அதற்காக வோல்ட்டைக் கீழே விட்டுக்கொடுக்கிறது. கால்குலேட்டர் பட்டை அமார்ஃபஸ் சிலிக்கான், அணுக்கள் படிகமாக ஒழுங்குபடாத வகை. அதன் இடைவெளி சுமார் 1.7. ஏறக்குறைய 730 நானோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளும். அறை விளக்கின் நிறமாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

மேகமூட்டத்திலும் மெல்லிய படலம் கொஞ்சம் முன்னே நிற்கும் என்றே நினைக்கிறேன். கூரைக்கு அது போதுமா என்பதை யோசித்து எழுதுகிறேன்.

ஜூன் 5

நேற்று எழுதியது எல்லாம் படித்தது. இன்று கையால் அளந்து பார்த்தேன்.

திரை உடைந்த பழைய கால்குலேட்டர் ஒன்றைத் திறந்து செல்லை எடுத்தேன். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடித் துண்டு. சாய்த்துப் பிடித்தால் நான்கு பட்டைகளும் அவற்றுக்கு நடுவே தலைமுடி மாதிரி மூன்று கோடுகளும் தெரிகின்றன. நான்கு பட்டைகளும் ஒரே கண்ணாடியின்மேல் தொடர் இணைப்பில் இருக்கின்றன. இதற்கு ஒயர் வேண்டாம், சால்டரிங் வேண்டாம். மேசை விளக்கின் கீழே, ஒளிமானி 300 லக்ஸ் காட்டிய இடத்தில் வைத்தேன். திறந்த நிலை மின்னழுத்தம், அதாவது எதையும் ஓட்டாமல் அளப்பது, 2.4 வோல்ட். குறுக்குச் சுற்றில், அதாவது இரு முனைகளையும் நேராக இணைத்தால், 14 மைக்ரோ ஆம்பியர். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் எல்சிடி திரையும் அந்தச் சின்னச் சில்லும் ஓட சில மைக்ரோ ஆம்பியர் போதும்.

அதே இடத்தில் ஒரு தோட்ட விளக்கிலிருந்து எடுத்த நீலப் பேனலை வைத்தேன். அதிலும் நான்கு செல், வெயிலில் 2.2 வோல்ட் காட்டும் பேனல். மேசையில் 0.6 வோல்ட்தான்.

ஆனால் இதைக் கேளுங்கள். குறுக்குச் சுற்று மின்னோட்டம் 35 மைக்ரோ ஆம்பியர்! செல்லின் பரப்பு கொஞ்சம் அதிகம் என்றாலும், கால்குலேட்டர் பட்டையைவிட மின்னோட்டம் இதில்தான் கூடுதல். அப்படியென்றால் படிக சிலிக்கான் ஒளியை நன்றாகவே பிடிக்கிறது. போனது வோல்ட் மட்டும்.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

நான்கு செல்லுக்கு 0.6 என்றால் ஒன்றுக்கு 0.15. இவ்வளவு இறங்கக் கூடாதே. பேண்ட் கேப் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. நாளை பார்க்கிறேன்.

ஜூன் 7

முதல் நாள் எழுதியதில் பெரிய ஓட்டை இருந்தது. எல்லாப் பழியையும் பேண்ட் கேப்மேல் போட்டுவிட்டேன்.

வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது, ஒழுங்கான செல்லின் திறந்த நிலை மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் இறங்கும். மடக்கைக் கணக்கு அது. வெயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 35 மில்லி ஆம்பியர் தரும் செல், மேசையில் 40 மைக்ரோ ஆம்பியர் தருகிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று தடவை பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. மூன்று அறுபது நூற்று எண்பது. வெயிலில் 0.6 வோல்ட் காட்டிய செல் மேசையில் 0.42 காட்ட வேண்டும். என் தோட்ட விளக்குப் பேனல் காட்டியதோ 0.15.

நண்பர் ஒருவர் நல்ல தரமான படிக சிலிக்கான் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதே 300 லக்ஸில் 0.42. கணக்கு சொன்ன இடத்தில் அப்படியே வந்து நின்றதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

மீதியைத் தின்றது ஷன்ட். செல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு, நடுவே இரண்டு அடுக்குகள் சேரும் சந்திப்பைத் தாண்டாமல் ஓரத்திலோ பழுதுள்ள புள்ளியிலோ போகும் கள்ளப்பாதை. ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டால், அடியில் ஊசித்துளை இருந்தாலும் குடம் நிரம்பி வழியும். சொட்டுச் சொட்டாக விழும் குழாயின் கீழ் வைத்தால், விழுகிற தண்ணீரெல்லாம் துளை வழியே போய்விடும். வெயில் திறந்த குழாய், மேசை விளக்கு சொட்டும் குழாய். 0.15 வோல்ட்டை 35 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் சுமார் 4 கிலோ ஓம் வருகிறது. அந்த மலிவுப் பேனலின் ஒவ்வொரு செல்லிலும் அவ்வளவு பெரிய ஓட்டை. வெயிலுக்கென்று செய்த செல்லில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்தத் தேவையும் இல்லை.

ஆக, கால்குலேட்டர் செல்லின் வெற்றிக்குக் காரணம் இரண்டு: இடைவெளி பொருத்தமாக இருக்கிறது, கசிவு குறைவாக இருக்கிறது. மெல்லியதாக இருப்பது இரண்டிலும் சேராது. சிஐஜிஎஸ் என்று தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த படலம் ஒன்று உண்டு. அதுவும் மெல்லிய படலம்தான். அதன் இடைவெளி சுமார் 1.1 முதல் 1.2. கசிவைக் கவனித்துச் செய்யாவிட்டால் அறைக்குள் அது படுத்துவிடும்.

ஜூன் 8

"வளையும் பிளாஸ்டிக் படலத்தைக் கத்தரியால் வெட்டி எனக்கு வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் செய்துவிட்டேன். அதனால் சொல்ல முடியும்: வெட்டாதீர்கள்.

எட்டுப் பட்டை உள்ள அமார்ஃபஸ் படலம். நான் செய்துகொண்டிருக்கும் சென்சாரின் பெட்டிக்குள் நுழையவில்லை என்று பட்டைகளுக்குக் குறுக்கே ஒரு விரல் அகலம் நறுக்கினேன். வெட்டுவதற்கு முன் மேசையில் 4.8 வோல்ட். வெட்டிய பின் 1.9. பதறிப்போய் வெயிலுக்குக் கொண்டுபோனேன். அங்கே 6.6 வோல்ட், குறையே இல்லாத படலம் மாதிரி. வெயிலில் மட்டும் சோதித்திருந்தால் நன்றாக இருக்கிறது என்று பெட்டிக்குள் ஒட்டியே இருப்பேன்.

வெட்டிய விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின்பக்க உலோகப் பூச்சு கத்தரியின் அழுத்தத்தில் இழுபட்டு, விளிம்பின்மேல் மெல்லிய பிசிறாக மடங்கிக் கிடந்தது, அங்கங்கே மினுமினுப்பு. அந்தச் சிலிக்கான் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூடக் கிடையாது. தலைமுடி எழுபது எண்பது மைக்ரோமீட்டர் இருக்கும். இவ்வளவு மெல்லிய சுவரை ஒரு பிசிறு தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? முன்பக்க மின்வாயும் பின்பக்க மின்வாயும் ஒட்டிக்கொண்டன. நேற்று சொன்ன ஓட்டையை நானே போட்டிருக்கிறேன்.

புதிய பிளேடால் விளிம்பை மெல்லச் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்தபோது 3.7 வோல்ட் வரை ஏறியது. பழைய நிலைக்கு வரவில்லை. தொழிற்சாலைகளில் சிறிய எதிர் மின்னழுத்தம் கொடுத்து இப்படிப்பட்ட கசிவுப் புள்ளிகளை எரித்து அடைக்கும் வழக்கம் உண்டு. எனக்குக் கை வரவில்லை. இரண்டு பட்டைகள் போய்விட்டன.

ஜூன் 11

அளக்கிற முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதிச் சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அலகு. பச்சைக்கு நிறைய மதிப்பெண் கொடுக்கும், சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைவு, அகச்சிவப்புக்குப் பூஜ்யம். செல்லுக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வருகிறது, எந்த நிறத்தில் வருகிறது என்பதுதான். வெள்ளை எல்இடிக்கு ஒரு வாட் ஒளி சுமார் 300 லூமென் என்று வைத்துக்கொண்டால் தோராயக் கணக்கு போட்டுவிடலாம். 300 லக்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு 1 வாட். வெயிலில் அதே சதுர மீட்டருக்கு 1000 வாட். லக்ஸில் முந்நூறு மடங்காகத் தெரிந்த இடைவெளி ஆற்றலில் ஆயிரம் மடங்கு ஆகிவிடுகிறது. நான் முதல் நாள் "இருநூறு முந்நூறு மடங்கு" என்று எழுதியது கண்ணின் கணக்கு. செல்லின் கணக்கு இது.

நிறம் எவ்வளவு விளையாடுகிறது என்று பார்க்க ஒரு சோதனை. பழைய இழைபல்பு ஒன்றை மாட்டி, ஒளிமானி அதே 300 லக்ஸ் காட்டும்வரை தள்ளி வைத்தேன். கால்குலேட்டர் செல்லின் மின்னோட்டம் சற்றே கூடியது, அவ்வளவுதான். தோட்ட விளக்குப் பேனலின் மின்னோட்டம் நான்கு மடங்குக்கு மேல் தாவியது. கண்ணுக்கு ஒரே 300 லக்ஸ், ஆனால் இழைபல்பு அகச்சிவப்பை அள்ளிக் கொட்டுகிறது, படிக சிலிக்கான் அதையெல்லாம் வாரிக்கொள்கிறது. எந்த விளக்கு என்று சொல்லாமல் "300 லக்ஸில் இத்தனை மைக்ரோவாட்" என்று யாராவது எழுதினால் அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள்.

வெயில் செல்களுக்கு ஒரே தர நிலை உண்டு: சதுர மீட்டருக்கு 1000 வாட், 25 டிகிரி, ஏஎம் 1.5 என்ற தர வெயில் நிறமாலை. அறை வெளிச்சத்துக்கு அப்படி ஒன்று வெகுகாலம் இல்லை. 2023-இல்தான் ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் 62607-7-2 என்ற வழிமுறை ஆவணம் வெளியானது. அதற்கு முந்தைய எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது நிதானம் தேவை.

மல்டிமீட்டரைப் பற்றி: மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் மின்தடை கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். எட்டுப் பட்டைப் படலத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஒற்றைச் செல்லை அளக்கும்போது கெடுத்துவிடும். நான் இப்போதெல்லாம் ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை இணைத்து அதன் குறுக்கே மில்லிவோல்ட்டை அளக்கிறேன். 14 மில்லிவோல்ட் என்றால் 14 மைக்ரோ ஆம்பியர். தலைவலி இல்லை.

கைபேசி ஒளிமானிச் செயலியை நம்ப வேண்டாம். கைபேசியைக் கொஞ்சம் சாய்த்தாலே எண் பாதியாகிறது.

ஜூன் 12

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒளிமானியைப் பற்றி எழுதும்போது பழைய கேமராக்களில் இருந்த ஒளிமானி நினைவுக்கு வந்தது. பேட்டரியே இல்லாமல் முள் நகரும். அதற்குள் இருந்தது செலினியம் செல்.

உலகின் முதல் சோலார் செல்லும் செலினியம்தான். 1883-இல் சார்லஸ் ஃப்ரிட்ஸ் செலினியத்தின்மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தங்கப் பூச்சுப் போட்டுச் செய்தார். செயல்திறன் சுமார் ஒரு சதவீதம். வெயிலுக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்தார்கள். அதன் இடைவெளியோ கிட்டத்தட்ட 1.9 எலக்ட்ரான் வோல்ட். வெயிலுக்கு மிகப் பொருத்தமான இடைவெளி சுமார் 1.34, அதில் கோட்பாட்டு உச்சம் 33 சதவீதம் சொச்சம். ஷாக்லியும் குவைசரும் 1961-இல் போட்ட கணக்கிலிருந்து வருவது இது. அதே கணக்கை வெள்ளை எல்இடிக்குப் போட்டால் பொருத்தமான இடைவெளி 1.9 பக்கம் போகிறது, உச்சமும் 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. 1883-இல் பிறந்த செல், எல்இடி விளக்குக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது! 2022-இல் செலினியம் செல்லை 1000 லக்ஸ் அறை வெளிச்சத்தில் வைத்து 15 சதவீதம் எடுத்துக் காட்டினார்கள். சாதாரண அமார்ஃபஸ் செல்லைவிட அது மேல்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 15

வரலாறு கேட்டவருக்கு: அமார்ஃபஸ் சிலிக்கான் சோலார் செல்லை 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவன ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோஃபர் வ்ரோன்ஸ்கியும் அறிவித்தார்கள், 2.4 சதவீதம். 1980-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் அதைக் கால்குலேட்டருக்குள் வைத்து விற்கத் தொடங்கியது. நான்கே வருடம். ஒரு குறைபாடுள்ள செல்லுக்கு, அந்தக் குறை தெரியாத இடத்தை யாரோ சரியாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குறை என்றால் செயல்திறன் மட்டும் அல்ல. 1977-இல் ஸ்டேப்லரும் வ்ரோன்ஸ்கியும் இன்னொன்றைக் கண்டார்கள்: வெளிச்சம் பட்டாலே அமார்ஃபஸ் சிலிக்கான் மெல்லத் தேய்கிறது. சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் திரும்பப் பழைய நிலைக்கு வருகிறது. வெயிலில் வைத்த பேனல் முதல் சில மாதங்களில் கணிசமாக இறங்கி அப்புறம் நிலைத்துவிடும்.

"அறைக்குள்ளும் தேயுமா?" என்றால், தேய்வு விழுந்த ஒளியின் அளவைப் பொறுத்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் அது கணக்கில் வராத வேகம். என்னிடம் ஒரே கட்டில் வந்த இரண்டு படலங்கள் இருந்தன. ஒன்று வெயில் நேராக விழும் ஜன்னலில் ஒரு கோடை முழுக்க இருந்தது, மற்றது மேசை இழுப்பறையில். இப்போது இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்தால் ஜன்னல் படலம் எட்டில் ஒரு பங்கு குறைவாகத் தருகிறது. அறைக்குள் பயன்படுத்தப்போகிற படலத்தை "சோதித்துப் பார்க்கிறேன்" என்று நாள் கணக்கில் வெயிலில் போடாதீர்கள்.

ஜூன் 19

சாயச் செல், பெரோவ்ஸ்கைட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சாயச் செல்: 1991-இல் ஓ'ரீகனும் கிரட்செலும் அறிவித்தது. டைட்டானியம் டைஆக்சைடு துகள்மேல் சாயம் ஒட்டியிருக்கும். ஒளியைச் சாயம் பிடிக்கும், எலக்ட்ரானைத் துகள் வாங்கிக்கொள்ளும். வெயிலில் படிக சிலிக்கானோடு போட்டி போட முடியவில்லை. அறை வெளிச்சத்தில் கதையே வேறு. நடுவே இருக்கும் அயோடின் கரைசலுக்குப் பதிலாகத் தாமிரக் கூட்டுப்பொருளைப் போட்டதும் வோல்ட் நன்றாக ஏறியது. 2017-இல் 1000 லக்ஸில் 28.9 சதவீதம், 2020-இல் 34 சதவீதம். மலைக்க வைக்கும் எண்கள். ஆனால் 1000 லக்ஸ் என்பதைக் கவனியுங்கள். என் மேசைக்கு மூன்று மடங்கு, அலமாரிக்கு ஐந்து மடங்கு. அலமாரியில் இருக்கப்போகிற செல்லுக்கு 200 லக்ஸில் என்ன தருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும்.

பெரோவ்ஸ்கைட் செல்லில் ஒளியைப் பிடிப்பது ஈயமும் அயோடினும் சேர்ந்த ஒரு படிகப் படலம். அதில் எனக்குப் பிடித்தது, அயோடினுக்குப் பதில் புரோமினைக் கூட்டக் கூட்ட இடைவெளியை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம் என்பது. பிடிக்காதது ஈயமும், ஈரத்தைக் கண்டால் சிதையும் குணமும். வீட்டுக்குள், குழந்தை எடுத்துக் கடிக்கக்கூடிய ஒரு சென்சாரில் ஈயம் கலந்த படலத்தை வைக்க எனக்கு மனம் இல்லை. நன்றாக மூடி அடைத்திருக்கிறது என்பார்கள். கத்தரியால் வெட்டலாமா என்று கேட்ட நண்பரை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 24

எல்லாவற்றையும் சேர்த்து, அலமாரியில் வைத்து வெப்பநிலையை அனுப்ப நான் செய்த சென்சார் இரண்டாவது வாரமே படுத்துவிட்டது. இதை முழுதாக எழுதுகிறேன், வேறு யாரும் இதில் ஒரு வாரத்தைத் தொலைக்க வேண்டாம்.

அமைப்பு இதுதான். வெட்டாத எட்டுப் பட்டைப் படலம், சுமார் 13 சதுர சென்டிமீட்டர். அலமாரியில் 200 லக்ஸ். அங்கே 3 வோல்ட்டில் 18 மைக்ரோ ஆம்பியர், அதாவது 54 மைக்ரோவாட். வேலை நாளில் விளக்கு எரிவது ஒன்பது மணி நேரம், ஆக ஒரு நாள் வரவு 1.75 ஜூல். செலவு: தூங்கும்போது 1.5 மைக்ரோ ஆம்பியர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து வெப்பநிலையை அளந்து ரேடியோவில் அனுப்ப அரை மில்லிஜூல். எல்லாம் சேர்த்து நாளுக்கு 0.46 ஜூல். வரவில் கால் பங்குதான் செலவு. சனி ஞாயிறு விளக்கு எரியாது, அதற்காக மின்சாரத்தைச் சேர்த்துவைக்க 0.47 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர். 3.6 வோல்ட்டைத் தாண்டாமல் நிறுத்த ஒரு சிறு சுற்று. 3.6-இலிருந்து 2 வோல்ட் வரை இறங்கினால் 2.1 ஜூல் கிடைக்கும். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை ஒன்பது வரை 63 மணி நேரம், தேவை 1.2 ஜூல். காகிதத்தில் தாராளம்.

கடைசிச் செய்தி சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வந்தது. அப்புறம் மௌனம்.

முதலில் படலத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஷன்ட், தேய்வு, நான் இங்கே எழுதிய எல்லாப் பாவங்களையும் அதன் தலையில் வைத்துப் பார்த்தேன். கழற்றி அளந்தால் 18 மைக்ரோ ஆம்பியர், அசையவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் டையோடு கண்ணில் பட்டது. இருட்டில் கெப்பாசிட்டரிலிருந்து படலத்துக்குள் மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு ஷாட்கி டையோடு போட்டிருந்தேன். முன்னோக்கிய வோல்ட் இழப்பு குறைவு என்று எல்லோரும் சொல்வதால் ஒரு ஆம்பியர் தாங்கும் வகையைப் போட்டுவிட்டேன். ஷாட்கியின் மறுபக்கம் அதன் எதிர்த்திசைக் கசிவு. பெரிய டையோடு என்றால் பெரிய கசிவு. இருட்டில் அளந்தேன்: 5 மைக்ரோ ஆம்பியர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. சென்சார் தூங்கும்போது எடுப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல்! கணக்குப் போட்டால் 2.1 ஜூல் முப்பது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெள்ளி மாலை ஆறிலிருந்து முப்பது மணி நேரம், சனி நள்ளிரவு. பதிவேட்டோடு பொருந்தியது.

சாதாரணச் சின்னச் சிலிக்கான் டையோடு போட்டேன். 0.4 வோல்ட் இழப்புதான், ஆனால் படலம் திறந்த நிலையில் 4.7 காட்டுகிறது, கொடுக்கலாம். எதிர்க்கசிவு என் மீட்டரில் தெரியவே இல்லை.

சூப்பர் கெப்பாசிட்டரும் ஒரு பாடம். புதிதாக வந்ததை முதல் தடவை ஏற்றிவிட்டுக் கசிவை அளந்தால் பயந்துவிடுவீர்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஏற்றியே வைத்திருந்து அளந்தபோது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கு வந்தது. முதல் நாள் எண்ணைப் பார்த்து அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

ஜூலை 2

கூரைக்கு வருகிறேன். ஜூன் 4 இரவு "மேகமூட்டத்திலும் மெல்லிய படலம் கொஞ்சம் முன்னே நிற்கும்" என்று எழுதியிருந்தேன். கூரையைப் பொறுத்தவரை அது தவறு.

மேகம் மூடினாலும் பத்தாயிரம் லக்ஸ். என் மேசையைப்போல முப்பது மடங்கு. அந்த அளவில் நல்ல படிக சிலிக்கான் செல்லின் ஷன்ட் பெரிதாக எதையும் திருடாது. குழாய் பாதியாவது திறந்திருக்கிறது. மேக வெளிச்சத்தில் அகச்சிவப்பும் இருக்கிறது, நீலத்தின் பங்கு சற்று கூடுகிறது, அவ்வளவுதான். அப்புறம் அடிப்படைச் செயல்திறன். அமார்ஃபஸ் பேனல் ஆறிலிருந்து எட்டு சதவீதம், இன்றைய படிக சிலிக்கான் பேனல் இருபதைத் தாண்டிவிட்டது. மேகத்தில் அமார்ஃபஸ் தன் சதவீதத்தைக் கொஞ்சம்கூட இழக்காமல் காத்துக்கொண்டாலும், எட்டு எட்டுதான். படிக சிலிக்கான் இருபதிலிருந்து பதினெட்டுக்கு இறங்கினாலும் அதே பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது.

அப்படியென்றால் விளம்பரங்களில் "மேகமூட்டத்தில் அதிகம் தரும்" என்பது பொய்யா? பொய் அல்ல, ஆனால் எதற்கு எதிரே எதை வைத்தார்கள் என்று பாருங்கள். அவர்கள் ஒப்பிடுவது பட்டியலில் எழுதிய ஒரு வாட்டுக்கு எத்தனை யூனிட் என்று. நூறு வாட் அமார்ஃபஸையும் நூறு வாட் படிக சிலிக்கானையும் அருகருகே வைத்தால், மேகத்திலும் வெக்கையிலும் அமார்ஃபஸ் சற்று முன்னே போகலாம். ஆனால் அந்த நூறு வாட் அமார்ஃபஸ் கூரையில் இரண்டரை மடங்கு இடத்தை அடைத்திருக்கும். கூரையில் நமக்குக் குறைவாக இருப்பது இடம்.

மெல்லிய படலத்திலேயே கேட்மியம் டெல்லுரைடு இதில் சேராது. இடைவெளி சுமார் 1.45, பேனல்கள் பதினெட்டு பத்தொன்பது சதவீதம் வரை வந்துவிட்டன, பெரிய சூரியப் பண்ணைகளில் நிறைய இருக்கிறது. நான் சொன்னது அமார்ஃபஸுக்கு.

ஜன்னல் ஓரத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். "அறைக்குள் என்றால் அமார்ஃபஸ்தான்" என்று தனிச்செய்தியில் ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். ஜன்னலிலிருந்து கையெட்டும் தூரத்தில் பகல் வெளிச்சம் ஆயிரம் லக்ஸைத் தாண்டும், அகச்சிவப்போடு வரும். அங்கே அந்த நண்பர் கொடுத்த நல்ல படிக சிலிக்கான் துண்டு, சதுர சென்டிமீட்டர் கணக்கில் என் அமார்ஃபஸை வென்றது. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுப் போட்ட கண்ணாடியாக இருந்தால் அகச்சிவப்பு வெளியிலேயே நின்றுவிடும், வித்தியாசம் குறையும். அந்தத் தனிச்செய்தி நண்பர் இதைப் படித்தால், வாங்குவதற்கு முன் உங்கள் ஜன்னலில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஜூலை 3

"அப்போ எந்த லக்ஸில் எது ஜெயிக்கும் என்று ஒரு அட்டவணை போடுங்கள்" என்கிறார்கள். லக்ஸை மட்டும் வைத்துப் போட முடியாது என்பதைத்தான் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த விளக்கு, எந்தச் செல், அந்தச் செல்லின் ஷன்ட் எவ்வளவு, மூன்றையும் சொல்லுங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

ஜூலை 13

புது டையோடோடு மூன்று வார இறுதிகள் தாண்டிவிட்டன. இன்று திங்கள் காலை எட்டே முக்காலுக்குப் போய் மீட்டரை வைத்தேன். 2.3 வோல்ட். ஒன்பதுக்கு விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம் எண் மாறவே இல்லை; அப்புறம் கடைசி இலக்கம் ஒன்று ஏறியது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒன்பது பத்துக்குச் செய்தி வந்தது: 26.4 டிகிரி.

யாரிடமாவது பழைய கேமரா ஒளிமானியின் செலினியம் செல் உயிரோடு இருந்தால், எல்இடி விளக்கின் கீழ் வைத்து வோல்ட்டையும் ஆயிரம் ஓம் குறுக்கே மில்லிவோல்ட்டையும் எழுதுங்கள். விளக்கு என்ன வகை என்பதையும் சேர்த்து.